முருகன் கூட்டிவந்த கூட்டம்

எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்குள் முருகனைக் கொண்டுவந்து உட்கார வைத்தவர் எதிர்வீட்டு மாமா. முருகன் மட்டும் வந்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் தனியாக வரவில்லை. கூடவே ஒரு கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கூட்டத்தை வெளியே அனுப்ப நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

கம்ப்யூட்டர் வாங்கியது தம்பியைப் பார்ப்பதற்கு. வேறு எதற்கும் அல்ல. அப்பா போன பிறகு பூந்தோட்டத்தை விற்றுவிட்டு அம்மாவும் நானும் தம்பியும் திண்டுக்கல்லில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். எனக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தினமும் பழனி பஸ். தம்பி ஐடிஐ முடித்துவிட்டு ஒரு ஏஜென்ட் மூலமாகச் சிங்கப்பூர் போனான். போய் மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவைகூட லீவில் வரவில்லை. போனில் பேசுவான். கம்பெனி ஆபீசில் ஸ்டோர் கணக்குப் பார்க்கிறானாம். ஏசி அறையாம். தங்குவதற்கும் தனி அறை கொடுத்திருக்கிறார்களாம். அம்மா எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டிவிட்டு, போனை வைத்ததும் என் பக்கம் திரும்புவாள்.

"கொரலுக்கு என்ன, அது எப்பவும் நல்லாத்தான் இருக்கும். மூஞ்சியப் பாத்தாத்தான்டி தெரியும்."

தக்காளியைக்கூட அமுக்கிப் பார்க்காமல் வாங்காதவள் அவள். பெற்ற பிள்ளையை மூன்று வருஷமாக வெறும் குரலாகவே வாங்கிக்கொண்டிருந்தால் எப்படிப் பொறுப்பாள்? கறுத்துவிட்டானா, இளைத்துவிட்டானா, ராத்திரி தூங்குகிறானா, எல்லாவற்றையும் அவள் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, ஊருக்குள் புதிதாக வந்திருந்த பிராட்பேண்டையும் போட்டேன். எங்கள் பக்கம் கேமரா வாங்கவில்லை. "என்னைய எதுக்கு அவன் பாக்கணும்? நான் இருக்குற மாதிரியேதான் இருக்கேன். அவனப் பாத்தாப் போதும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். தம்பியின் பக்கத்து அறைப் பையனிடம் கேமரா வைத்த லேப்டாப் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெட்டில் வருகிறேன் என்று தம்பி சொன்னான். அம்மா புதன்கிழமையே எந்தச் சேலை கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அவன் உன்னைப் பார்க்கவே போவதில்லை என்று எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் எதிர்வீட்டு மாமா வந்திருக்கிறார். கீரனூர்க்காரர். ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆகி, மகன் வீட்டில் இருந்தார். மகன் வீட்டிலும் கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் அதைத் தொட அவருக்கு அனுமதி கிடையாது. ஏன் கிடையாது என்று நான் முன்பே விசாரித்திருக்க வேண்டும். நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அதுதான் பிரச்சினையே.

"புதுசா ஒரு பொருள் ஊட்டுக்கு வந்திருக்குதுங்க. சாமி இல்லாம எப்படிங்க தொடங்கறது?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், புது நோட்டு எடுத்தால் பிள்ளையார் சுழி போடுகிறோம், கம்ப்யூட்டரை மட்டும் மொட்டையாக விடலாமா? மாமா உட்கார்ந்து நெட்டில் தேடி, இலவசமாகக் கிடைத்த ஒரு முருகன் ஸ்கிரீன்சேவரை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் வீடு வந்து சேர்ந்ததும் அம்மா வாசலிலேயே மறித்தாள். "செருப்ப அங்கிட்டே கழட்டிப் போட்டுட்டு, காலக் கழுவிட்டு வா."

உள்ளே போனால் ஊதுபத்திப் புகை. மானிட்டரின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். தலையில் ஒரு முழம் கனகாம்பரம். திரையில் ராஜ அலங்காரத்தில் முருகன். அவரைச் சுற்றி ஒரு தீபத்தட்டு தானாகவே சுற்றி வந்தது, மணியும் அடித்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் போய் மவுசைத் தொட்டேன். முருகன் மறைந்துவிட்டார்.

"ஏன்டி கைய வச்ச? சாமி போயிருச்சு பாரு" என்று அம்மா கத்தினாள்.

சாமி போன இடத்தில் என்ன இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். நெட்டைத் திறந்தால் மேலே வரிசை வரிசையாகப் பட்டைகள். டூல்பார் என்பார்கள். ஒன்று தேடித் தரவா என்று கேட்டது, ஒன்று அமெரிக்காவில் எங்கேயோ பனி பெய்கிறது என்று சொன்னது, ஒன்று சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாகக் காட்டி எதை எடுத்துக்கொள்கிறாய் என்றது. இவ்வளவும் போக, நாம் பார்க்க வந்த பக்கத்துக்கு அடியில் கைக்குட்டை அகலம்தான் இடம் மிச்சம். திரையின் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அது போதாதென்று, திடீர் திடீரென்று ஒரு ஆண் குரல் இங்கிலீஷில் வாழ்த்துச் சொல்லி, எங்களுக்குப் பரிசு விழுந்திருப்பதாகக் கூவியது. அந்தக் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, யார் விருந்தாளி என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நேராக மாமா வீட்டுக்குப் போனேன். "எதுக்கெல்லாம் மாமா சரின்னு அழுத்துனீங்க?"

"அது கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க அம்மணி. இது வேணுமா, அது வேணுமான்னு. நம்ம ஊட்டுக்கு வந்து ஒருத்தரு ஒண்ணைக் குடுத்தா, மூஞ்சில அடிச்சாப்பல வேண்டாம்னு சொல்ல முடியுங்களா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டே அரை டம்ளர் காப்பியாவது குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொன்னால் அந்த வீட்டோடு ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். எங்கேயோ ஏசியில் உட்கார்ந்து இந்தக் கண்றாவியை எழுதியவனுக்கு எங்கள் தெருக்காரரின் இந்தக் குணம் எப்படித் தெரிந்ததோ! கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு வரிசையாகக் கேட்டிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். குரல் வந்தது. முகம் வர வேண்டிய கட்டம் கறுப்பாகவே இருந்தது.

"கேமரா போட்டுட்டேன்மா. இந்தா, பச்ச லைட்டு எரியுது. தெரியுதா?"

"இல்லப்பா. கருப்பாருக்கு."

"நீங்க பாக்குறீங்கன்னுதான் இங்க காட்டுது. ஒங்க பக்கந்தான் ஏதோ கோளாறு. அக்காவப் பாக்கச் சொல்லு."

அக்கா பார்த்தாள். அக்கா அழுத்தாத பட்டன் இல்லை. நாய்க்குட்டி வாலை ஆட்டியது, பரிசுக்காரன் வாழ்த்தினான், அப்புறம் எல்லாமே அப்படியே உறைந்துபோய் நின்றுவிட்டது. அம்மா கட்டியிருந்த நல்ல சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

கடையில் இருந்து மெக்கானிக் வந்தார். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். "பார்மட் அடிச்சிருவோம் மேடம்" என்றார். அடித்தார். கம்ப்யூட்டர் துடைத்துவிட்டது போல ஆகிவிட்டது. நானும் நிம்மதியாக மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தால் மறுபடியும் ஊதுபத்தி வாசம், மறுபடியும் தீபத்தட்டு, மறுபடியும் அதே நாய்க்குட்டி. வெறும் திரையைப் பார்க்க அம்மாவுக்கு மனசு கேட்காமல் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறாள். மாமாவும் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சத்தமாகவே அடித்துக்கொண்டேன்.

சரி, முருகன் இருந்துவிட்டுப் போகட்டும், மற்றவர்களை மட்டும் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் டூல்பாரை நீக்கு என்று சொன்னதுமே ஒரு பெட்டி வந்து நின்றது. இதை எடுத்தால் இலவசமாகக் கொடுத்த ஸ்கிரீன்சேவரும் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. முருகனைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார்கள்! அந்த ஆத்திரத்தில் அதை அம்மாவுக்குத் தமிழில் வேறு படித்துக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு அழுத்தியிருக்கலாம்.

"முருகன எடுக்குறதா? எடுத்து எங்க போடுவ?"

நான் திரையின் ஓரத்தில் இருந்த தொட்டியைக் காட்டினேன். வேண்டாததை எல்லாம் போடுவதற்கென்று இருக்கும் சின்னப் படம்.

"குப்பத் தொட்டியிலயா? சாமியக் குப்பத் தொட்டியிலயா போடுவ? படிச்சவதானடி நீ?"

எங்கள் தெருவில் யாரும் சாமி படத்தைக் குப்பையில் போட மாட்டார்கள். கண்ணாடி உடைந்த படமானாலும், வருஷம் முடிந்த காலண்டரானாலும், மூக்கு உடைந்த மண் பொம்மையானாலும் பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வெயிலும் மழையும் அதைப் பார்த்துக்கொள்ளும். இது எனக்கும் தெரியும், நானே எத்தனையோ படங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். ஆனால் இது படமே இல்லை, கரண்டு நின்றால் இதுவும் நின்றுவிடும், இதற்குக் கையும் இல்லை காலும் இல்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"கரண்டு நின்னா மோட்டாருந்தான் நிக்கிது. அதுக்காக மோட்டாரு இல்லன்னு ஆயிருமா?" என்றாள்.

இதை என்னிடம் சொல்கிறாள்! நான் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறவள்.

அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் சாமியை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது. மார்கழி முடிந்து தை வந்தால், தைப்பூசம். ஊரெல்லாம் பச்சையும் காவியும் கட்டிக்கொண்டு பழனிக்கு நடந்துகொண்டிருந்தது. ரோட்டை அடைத்துக்கொண்டு பாதயாத்திரைக் கூட்டம். என் பஸ் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும். "ஊரே முருகனத் தேடிப் போகுது. நீ வீட்டுல இருக்குறவர வெளிய புடிச்சுத் தள்ளப் போறியா?" என்றாள் அம்மா. நடுவில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் எந்தப் பொருளும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. அமாவாசை ஆகாது. எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வேலையும் செய்ய முடியாது. நான் பரீட்சைத் தாளை டைப் அடிக்க உட்கார்ந்தால் அம்மா பக்கத்தில் வந்து, "செத்த நேரம் சும்மா இருடி. மவுச ஆட்டாத. சாமி வரட்டும்" என்பாள். சும்மா இருந்தால்தானே ஸ்கிரீன்சேவர் வரும்? நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், முருகன் வருவார், அம்மா கும்பிட்டு முடிப்பாள், அப்புறம் நான் மவுசைத் தொட்டால் பரிசுக்காரன் வருவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறுப்புக் கட்டம். தம்பி கேமராவைப் போட்டுவிட்டு, "தெரியுதாம்மா?" என்பான். அம்மா, "இல்லப்பா" என்பாள். இதையே ஒரு வழக்கமாக ஆக்கிவிட்டார்கள்.

"அக்கா, ஒரு டூல்பார எடுக்குறதுக்கு ஒனக்கு இம்புட்டு நாளா?" என்று தம்பி ஒரு வாரம் கேட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நீ வந்து உன் அம்மாவிடம் பேசு என்றேன். அவன் சிரித்தான்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பேசும்போது இருமிக்கொண்டே இருந்தான். பேச்சை நிறுத்திவிட்டு இருமுவான், பிறகு ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். ஏசியில் உட்கார்ந்து உட்கார்ந்து சளி பிடித்துவிட்டது, வேறு ஒன்றும் இல்லை என்றான். அம்மா கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"எடுத்துரு. ஆனா மொறையா எடுக்கணும்."

முறையாக என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது? மரத்தடியில் சாய்த்து வைக்க ஒரு பொருள் வேண்டுமே என்று, அந்த முருகன் பைலைப் பென் டிரைவில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த கம்ப்யூட்டரில் ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அம்மா அந்தச் சிடியை வாங்கி, பளபளக்கிற பக்கத்தில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, நடுவில் இருந்த ஓட்டையில் ஒரு துண்டு மல்லிகைச் சரத்தைக் கோத்தாள். வியாழக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் அரசமரத்தடிக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே சட்டம் மட்டும் மிஞ்சிய படங்கள், நனைந்து உப்பிய காலண்டர்கள், கை உடைந்த ஒரு மயில். அதன் பக்கத்தில் அம்மா சிடியைச் சாய்த்து வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதப்பா. எம்புள்ளயப் பாக்கணும்" என்றாள்.

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தவள், அதைக் கேட்டதும் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆரம்பித்தேன். முருகன் பெருந்தன்மையாகப் போய்விட்டார், ஒரே அழுத்து. மற்றவர்கள்தான் உயிரை வாங்கினார்கள். ஒருவன், உண்மையிலேயே என்னை அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்படியானால் இங்கேயே இருக்கட்டுமா என்று அடுத்த பெட்டி கேட்டது. அதே வேகத்தில் இதற்கும் ஆமாம் என்று அழுத்திவிட்டேன், மறுபடியும் முதலிலிருந்து. இன்னொருவன் ஏன் போகச் சொல்கிறாய் என்று காரணம் கேட்டு ஒரு பக்கத்தைத் திறந்தான், அந்தப் பக்கம் திறந்ததும் புதிதாக ஒருவன் உள்ளே வந்தான். நாய்க்குட்டியை நீக்கு என்றதும் அது வாலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணீர் விட்டது. நிஜமாகவே விட்டது, சொட்டுச் சொட்டாக.

"பாவம்டி. அழுகுது பாரு" என்றாள் அம்மா பின்னால் இருந்து.

"நீ மொதல்ல அடுப்படிக்குப் போம்மா!"

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அணைத்துப் போட்டால் இரண்டு டூல்பார் திரும்பவும் முளைத்திருக்கும். எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்றே தெரியாது. நல்ல பிள்ளை மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொண்டு பட்டியலில் உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை அம்மா தொட விடவில்லை. போக வேண்டிய சாமி போயாயிற்று, இதுகளுக்கு என்ன செவ்வாய் வெள்ளி என்று கத்தினேன். வீட்டை விட்டு எதுவும் போகக் கூடாது என்றால் எதுவும்தான் என்றாள். சனிக்கிழமை, எங்கள் பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னபடி, கம்ப்யூட்டர் விழிக்கும்போதே ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்து, அது அரைத் தூக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பரிசுக்காரன்தான் கடைசி. அவனை நீக்கும்போதும் ஒரு தடவை வாழ்த்திவிட்டுத்தான் போனான்.

இந்த நேரம் பார்த்து மாமா வந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "சொல்லியிருந்தா வேற முருகனாப் போட்டுக் குடுத்திருப்பனேங்க அம்மணி" என்றார். மாமா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், இனிமேல் இந்த நாற்காலியில் உட்காராதீர்கள் என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சரி பண்ணிவிட்டேன் என்று தம்பிக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்த எதுதான் எங்கள் வீட்டில் உருப்பட்டிருக்கிறது? அவன் வந்தான், கேமராவைப் போட்டான். கட்டம் வழக்கம்போலக் கறுப்பாகத் திறந்தது. அப்புறம் ஒரு தடவை நடுங்கிவிட்டு, வெளிச்சமாயிற்று.

தம்பி இருந்தான். பனியனோடு இருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கழுத்து வரைக்கும் ஒரு நிறமும் அதற்குக் கீழே ஒரு நிறமுமாக வெயிலில் வெந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சுவர் முழுக்க இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும். கட்டிலுக்குக் கட்டில் கயிறு கட்டி லுங்கியும் பனியனும் காய்ந்தன. மேல் கட்டிலில் தூங்குகிற யாரோ ஒருவருடைய கால் தொங்கியது. ஆணியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட், அதற்குக் கீழே சேறு காய்ந்த பூட்ஸ். ஆரம்ப வாரங்களில் அவன் பின்னால் இருப்பதை எல்லாம் மறைத்து, ஒழுங்கு பண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான் போலிருக்கிறது. யாரும் பார்க்காத கேமராவுக்கு முன்னால் எத்தனை வாரம் அப்படிச் செய்துகொண்டிருப்பது? இடது உள்ளங்கையில் ஒரு துணியைச் சுற்றியிருந்தான். அதைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டே பேசினான்.

"இப்பத்தாம்மா ஆபீஸ்ல இருந்து வந்தேன். ஸ்டாக் எடுக்கணும்னு ஞாயித்துக்கெழமையும் செத்த நேரம் வரச் சொல்லிட்டாங்க."

"சாப்ட்டியாப்பா?" என்றாள் அம்மா. குரல் எப்போதும் போலவே இருந்தது.

"ஆச்சும்மா. மீன் கொழம்பு, ரெண்டு வெஞ்சனம். கேன்டீன்ல நல்லாத்தான் போடுறாங்க." சொல்லிவிட்டு, மடியில் இருந்த ரொட்டித் துண்டை டம்ளரில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டான். மென்று முழுங்கினான். பிறகு கேட்டான். "கேமரா போட்டிருக்கேன். தெரியுதாம்மா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வலித்தது.

"இல்லப்பா" என்றாள். அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "கருப்பாத்தான் இருக்கு."

"அந்தக் குப்பையெல்லாம் இன்னுமா எடுக்கல அவ?"

"எங்கப்பா. அவளுக்கு அதெல்லாம் தெரியல."

நான்கு மாதம்! மார்கழி, தைப்பூசம், செவ்வாய், வெள்ளி, அரசமரம், அழுகிற நாய், எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி நான் துடைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரியவில்லையாம். அவன் போகும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். போனதும் வெடித்தேன். கண்ணுக்கு நேராகத் தெரிகிறவனைத் தெரியவில்லை என்று எதற்குச் சொன்னாய், நீயாவது என்ன ஏது என்று கேட்டிருக்கலாமே, நானாவது கேட்டிருப்பேனே, அவன் படுகிற பாட்டைப் பார்த்தாயா என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு அழுகை வந்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுதுன்னு சொன்னா, அடுத்த வாரம் நல்ல சட்டையா மாட்டிக்கிட்டு வந்து உக்காருவான். சட்டையப் பாக்கவாடி எனக்கு ஆசை?"

அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு வெகு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தம்பி வந்தான். கையில் துணி இல்லை, காயம் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா அதைத்தான் முதலில் பார்த்தாள். அவன் ஏசி அறையைப் பற்றிச் சொன்னான், மேனேஜர் பாராட்டியதைச் சொன்னான். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே அவன் நெஞ்செலும்பைப் பார்த்தாள், பின்னால் தொங்கிய லுங்கியின் கிழிசலைப் பார்த்தாள். பிறகு அவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். அம்மா வாயைத் திறந்தால் குரல் உடைந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு எடுக்கத் தெரியலடா" என்றேன். "எவ்வளவோ பாத்துட்டேன். வரவே மாட்டேங்குது."

"நீயெல்லாம் ஒரு டீச்சரு" என்று அவன் சிரித்தான். மேல் கட்டிலில் இருந்தவர் விழித்துவிடாமல் இருக்க, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தான்.